தறிக்குழியும் இடுப்பும்: நெசவாளர் உடலைத் தேற்றும் அசைவு

நோவுற்ற உடலைத் தேற்றும் அசைவு இருவகைப்படும். பிறர் கையோ கருவியோ அசைத்துவிடுவது ஒன்று. நோயாளி தன் தசையால் தானே அசைவது மற்றொன்று. நீவிவிடுதல், ஒத்தடம், மெழுகுக் குளியல், மின்தூண்டல் ஆகியவை உடலைச் சும்மா இருக்கவைத்துச் செய்யப்படுபவை. அவை வலியைச் சற்று நேரம் தணிக்கும், அந்த இடைவேளை பயனுள்ளதுதான். ஆனால் தசைக்கு வலுவும் உடலின் மேல் நம்பிக்கையும் தானே செய்யும் அசைவால்தான் பெரிதும் திரும்புகின்றன. காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளருக்கு இயன்முறை மருத்துவம் செய்பவர் இதைச் சொன்னதும் ஒரு கேள்வி எழும்: நாள் முழுக்கக் கையும் காலும் ஆட்டுபவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு? நியாயமான கேள்வி. அதற்கு விடை தறியைப் பார்த்தால்தான் கிடைக்கும்.

குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை அழுத்துகிறார். இடுப்பு முன்னோக்கி வளைந்திருக்க, கழுத்து ஜரிகைக் கரையை நோக்கிக் குனிந்திருக்கும். கைகள் நாடாவை வீசி அச்சை இழுத்து அடிக்கின்றன. வடிவத்துக்கேற்ப பாவிழைகளைத் தூக்கும் ஜக்கார்டு கருவியின் கொக்கிகளை உயர்த்தும் மிதி கனமானது. அதை மிதிக்கும் காலும் அந்தப் பக்க இடுப்பும் மற்றதைவிட அதிகம் உழைக்கும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓடும். ஒரு பக்கம் அமர்ந்து உதவும் துணையாளின் உடல் எப்போதும் ஒரே திசையில் திரும்பும். அசைவுக்கு இங்கே குறைவில்லை. குறை, ஒரே அசைவே திரும்பத் திரும்ப வருவது. முதுகை நிமிர்த்தும் தசைகள் மணிக்கணக்கில் இழுபட்டே இருக்கின்றன. பிட்டத் தசை சுருங்கி வேலை செய்வதில்லை. தொடை உடலின் எடையைத் தாங்குவதில்லை. முதுகெலும்பு வட்டுகளின் உட்பகுதிக்கு இரத்தக் குழாய் கிடையாது. அழுத்தம் ஏறி இறங்கும்போது நடக்கும் நீர்ப் பரிமாற்றம் அவற்றின் ஊட்டத்துக்குத் துணை செய்கிறது. ஒரே வளைவில் நாள் கழியும்போது அந்த ஏற்ற இறக்கம் சுருங்கிவிடுகிறது.

இடுப்பு பிடித்துக்கொண்டால் படுத்துக் கிடப்பதே வைத்தியம் என்ற எண்ணம் இன்னும் வலுவாக இருக்கிறது. மருத்துவமும் நெடுங்காலம் அதையே சொன்னது. 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முதுகுவலிக்கு ஏழு நாள் படுக்கையைவிட இரண்டு நாள் படுக்கை எந்த வகையிலும் குறைந்ததல்ல என்று காட்டியது. 1995இல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம் நடந்த ஆய்வு இன்னும் மேலே போனது. இரண்டு நாள் படுத்தவர்கள், முதுகுப் பயிற்சி செய்தவர்கள், வலி விட்டுக்கொடுத்த அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்த்தவர்கள் என்ற மூன்று பிரிவினரில் கடைசிப் பிரிவினரே விரைவில் தேறினார்கள். இதில் இயன்முறை மருத்துவருக்கும் ஒரு பாடம் உண்டு. வலி கடுமையாக இருக்கும் முதல் சில நாட்களில் பயிற்சிப் பட்டியலை நீட்டத் தேவையில்லை. நடக்கவும், எழுந்து உட்காரவும், வீட்டு வேலை பார்க்கவும் துணிவூட்டினால் போதும். திட்டமிட்ட பயிற்சிக்கு இடம் அதற்குப் பிறகு.

வலி எல்லாவற்றையும் அசைவிடம் ஒப்படைத்துவிடவும் கூடாது. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, இரவில் அடங்காத வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோய் உட்படப் பலவற்றைப் பரிசோதிக்க வேண்டும். காலில் வலு குறைவதும், சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இழப்பதும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய அறிகுறிகள்.

தேறியவர் தறிக்குத் திரும்பும் கட்டமே மிகக் கடினமானது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு ஓய்வு என்றால் வருமான இழப்பு. ஆகவே வலி சற்றுக் குறைந்ததும் முழு நாளும் உட்கார்ந்துவிடுவார். நான்கு நாளில் மறுபடி முடங்குவார். தறியையே அளவுகோலாக்குவது இதற்கு நல்ல வழி. நெய்த துணியைப் படமரத்தில் சுருட்டும் ஒவ்வொரு முறையும் குழியைவிட்டு எழுந்து, கைகளை இடுப்பில் ஊன்றிப் பின்பக்கம் சாய்ந்து, வீட்டுக்குள் ஒரு நடை நடக்க வேண்டும். வேலை எப்படியும் அங்கே நிற்கிறது. தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் வரும் தயக்கம் இங்கே வருவதில்லை. முதல் வாரம் காலையில் மட்டும் நெசவு, பிறகு மாலையிலும் சிறிது என்று ஏற்றலாம். வேலையின்போது வரும் லேசான வலி மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அளவு சரி. அடங்காவிட்டால் குறைக்க வேண்டும். இந்த அளவைத் தானே பார்த்துக்கொள்ள நெசவாளருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் இயன்முறை மருத்துவரின் வேலையில் பெரும்பகுதி.

தோள்பட்டை இறுக்கத்துக்கும் இதே முறைதான், ஆனால் அது மாதக்கணக்கில் பொறுமை கேட்கும். சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. வலிக்குப் பயந்து கையை மடியிலேயே வைத்திருந்தால் மூட்டைச் சூழ்ந்த உறை மேலும் விறைக்கும். சுவரில் விரல்களால் மேலேறுவதும், உத்திரத்தில் போட்ட கயிற்றை நல்ல கையால் இழுத்து நோவுள்ள கையை உயர்த்துவதும் தறிவீட்டிலேயே செய்யக்கூடியவை.

தேறிய பிறகும் அசைவு வேண்டியிருப்பதன் காரணம் கால்களில் இருக்கிறது. சுருங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். உடலின் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் உள்ளன. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் சீராக்கியதால் நோய்க்குள் விழுவது ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. ஜக்கார்டைத் தூக்க மோட்டார் வைத்த தறிகள் முழங்கால் நோவுள்ளவருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் காலுக்கு இருந்த ஒரே கடின வேலையும் அதனால் போய்விடுகிறது, அதை நடையால் ஈடுசெய்தாக வேண்டும். முடங்குவதன் விலையை டல்லஸ் நகரில் 1966இல் நடந்த ஆய்வு காட்டியது. 20 வயது இளைஞர் ஐவர் மூன்று வாரம் படுக்கையில் இருந்து இழந்த இதய-நுரையீரல் திறன், அதன்பின் அவர்கள் 30 ஆண்டு மூப்படைந்து இழந்ததைவிட அதிகம்.

நடப்பதற்குக் காஞ்சியில் இடம் தேட வேண்டாம். ஏகாம்பரநாதர் கோயில் பிரகாரம் நீளமானது. வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு ஏறும் 24 படிகள் தொடைத் தசைக்கு நல்ல வேலை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவு, தினமும் சுற்று வருபவருக்கு எட்டாத தூரமல்ல. ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம்: சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு பகலில் சுடும் கருங்கல்லில் நடந்தால் கொப்புளம் வருவதே தெரியாது. அவர் விடியலில் நடக்கலாம். வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

பக்கவாதத்துக்குப் பின் கை தேறுவதில் தானே அசைப்பதன் பங்கு இன்னும் பெரிது. பிறர் அசைத்துவிடுவது மூட்டு இறுகாமல் காக்கும். மூளை மறுபடி கற்பதோ, நோயாளி முயலும் ஒவ்வொரு அசைவிலிருந்தும்தான். பொருளுள்ள வேலை வெறும் பயிற்சியைவிட நன்றாகப் பதியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. நெசவாளர் வீட்டுக்குப் போகும் சிகிச்சையாளருக்குக் கருவி அங்கேயே இருக்கிறது. ராட்டையில் தார் (நாடாவுக்குள் வைக்கும் ஊடைநூல் குழல்) சுற்றும்போது ஒரு கை சக்கரத்தைச் சுழற்றும், மறுகை இழையைப் பிடித்து நடத்தும். சுழற்றும் வேலையை முதலில் நோவுள்ள கைக்குக் கொடுக்கலாம். தோளும் முழங்கையும் ஓரளவு கட்டுக்குள் வந்தபின் இழை பிடிக்கும் நுண்வேலையை விரல்களுக்கு மாற்றலாம். தொடக்கத்தில் பட்டு வேண்டாம், விலை குறைந்த பருத்தி நூல் போதும். இழை அறுந்தால் வீட்டாருக்கு இழப்பில்லை என்று தெரிந்தால்தான் நோயாளி துணிந்து முயல்வார்.