ஒரு தலைக்கு நாலு பின்னல்

ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் ஆலை வேலைக்குப் போகும் பெண்களின் கூந்தலை ஷிப்ட் நேரத்தில் பார்க்க முடியாது. எலக்ட்ரானிக்ஸ் லைனில் ஓர் இழைகூட விழக் கூடாதென்று தொப்பிக்குள் சுருட்டிச் செருகிவிடுகிறார்கள். இவர்களுக்காக வல்லம் வடகாலில் 2024-இல் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இந்தப் பகுதியில் வேலை பார்க்கும் ஒரு பெண் புற்றுநோயாளிகளுக்காகக் கொடுத்த பின்னலைப் பின்தொடர்ந்துதான் சென்னையில் ஒரு சின்ன விக் பட்டறைக்குப் போனேன்.

பின்னல் பதினாலு அங்குலம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், அது ஏறக்குறைய மூன்று வருஷத்து முடி. ஆலையில் சேர்ந்த பிறகு வளர்ந்தது முழுவதையும் கொடுத்திருக்கிறாள்.

பட்டறையில் முதல் வேலை, பலகையில் நெருக்கமாக நிற்கும் ஆணிகளுக்கு நடுவே முடியை இழுப்பது. குட்டை முடியெல்லாம் ஆணியிலேயே தங்கிவிடுகிறது. கூந்தல் தானத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அங்குலம் கேட்பது ஏன் என்பது அங்கே நின்றால் விளங்கும். முடிச்சுப் போடும்போது மடிப்பிலும் கொஞ்சம் நீளம் போகிறது. நாலைந்து பேர் கொடுத்தால்தான் ஒரு விக் தேறும்.

“அடி அடியோட இருக்கணும்கா, நுனி நுனியோட. மாறிப் போச்சுன்னா ரெண்டே நாள்ல சடை புடிச்சுக்கும்” என்றார் இழுத்துக்கொண்டிருந்தவர். ஒவ்வோர் இழையின் மேலும் மீன் செதில் மாதிரி அடுக்கு உண்டு. எல்லாம் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். திசை மாறினால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். சீப்பில் உதிர்ந்து, தெருவில் விலைக்குப் போகும் சிக்கு முடியில் அடியும் நுனியும் கலந்திருப்பதால் அமிலத்தில் நனைத்துச் செதிலை எடுக்க வேண்டியிருக்கிறது. திருப்பதி, பழனிக் காணிக்கை முடிக்கு ஏலத்தில் மதிப்பு அதிகம். மழிக்கும்போதே கற்றையாக எடுத்தால் திசை குலையாமல் கிடைக்கிறது.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது முடிச்சுப் போடும் பெண்தான். தலை அச்சின் மேல் வலைத்துணித் தொப்பி, கையில் கொக்கி ஊசி. வலையின் ஒரு கண்ணுக்குள் ஊசியை விட்டு, இழையைப் பிடித்து இழுத்து, சுழற்றி இறுக்குகிறார். பிடரியில் மூன்று நாலு இழை சேர்த்துப் போடலாம். நெற்றி ஓரத்தில் ஒவ்வொன்றாகத்தான். இல்லாவிட்டால் டோப்பா என்று பார்த்ததும் தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான முடிச்சுகள். அச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்: “சாயங்காலம் ஆனா கண்ணு எரியும்கா. நெத்தி வேலைய காலையிலேயே முடிச்சுருவேன்.”

டாக்சோரூபிசின், பாக்ளிடாக்செல் போன்ற புற்றுநோய் மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. முடி வேர்க்கால் செல்களும் அந்த வகைதான். கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் மறுபடி வளரும். இடைப்பட்ட காலத்தில் பேருந்தில் ஏறவும், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போகவும் வேண்டுமே. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969 முதல் இருக்கும் அரசு அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு வருகிற கூலிக்காரப் பெண் கடையில் விக் வாங்குவது நடக்கிற காரியமா? சென்னையில் செரியன் அறக்கட்டளை போன்றவை தானக் கூந்தலில் விக் செய்து இலவசமாகத் தருவதன் அருமை அங்கேதான் இருக்கிறது.

தானமாக வந்த முடிக்கு விலை இல்லை. வலைத்துணிக்கு விலை உண்டு, கண்ணெரிய முடிச்சுப் போடுபவருக்குக் கூலி உண்டு. ஒரகடம் பக்கத்துப் பெரிய நிறுவனங்கள் கூந்தல் தான முகாம் நடத்தினால், நாலு பின்னலுக்கு ஒரு விக்கின் கூலி என்று கணக்கிட்டுப் பணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிளம்பும்போது ஆணிப்பலகைக்காரர் சொல்லி அனுப்பியது: “குளிச்சு நல்லா காய வெச்சு, ரப்பர் பேண்ட் போட்டு, அதுக்கு மேல வெட்டச் சொல்லுங்க. அவுத்துராதீங்க. ஈரமா அனுப்பினா பூசணம் புடிச்சுரும், எல்லாத்தையும் தூக்கித்தான் போடணும்.”