விரிசல் விட்ட காரவான்

பிரான்சில் இருக்கும் என் மகன், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் காரவான் ஒன்றை ஆசையாக வாங்கினான். பதினான்காம் மாதமே அடிச்சட்டத்தில், அச்சுக்குப் பக்கத்து வெல்டிங்கில் விரிசல். "அதிக பாரம் ஏற்றியிருப்பீர்கள்" என்று ஒரே வரி எழுதிக் கைகழுவிவிட்டது தயாரித்த கம்பெனி.

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். "விடுங்கப்பா, இவங்களோட மல்லுக்கட்ட முடியாது" என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆயுசெல்லாம் கோப்பு கட்டியவன் ஆயிற்றே! தேடினேன். கோடைப் பயணம் கிளம்புமுன் எடைமேடையில் நிறுத்த சீட்டு கார் டப்பாவில் கசங்கிக் கிடந்தது. சாமான்களோடு 1,180 கிலோ. வண்டித் தகட்டில் பொறித்த அனுமதி 1,300.

புதுச்சேரியில் சின்ன வயசில் படித்த பிரெஞ்சில் நானே கடிதம் எழுதினேன். மறைந்திருந்த குறைக்கு விற்றவர் பொறுப்பு என்கிறது அவர்களுடைய கோத் சிவில் 1641ஆம் பிரிவு; குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் தருகிறது 1648. கம்பெனிக்கும் விற்ற கடைக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். மருமகள் படித்துவிட்டு, "இந்த மாதிரி பிரெஞ்சு இப்ப யாரும் எழுதறதில்ல மாமா" என்று சிரித்தாள்.

மூன்றாவது நினைவூட்டுக்குப் பிறகு அடிச்சட்டத்தை மாற்றித் தந்தார்கள். வண்டியைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போன செலவு மட்டும் எங்கள் தலையில். அதற்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.