மணலி முதல் மணாலி வரை ஒரு குக்கர்

சர்ச்சூவில் அன்றிரவு மூன்று பேரும் பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்தார்கள். சோறு இல்லாமல் இல்லை. பாத்திரம் நிறைய இருந்தது. முக்கால் மணி நேரம் கொதித்த சோறு அது. மேலே கூழ், கடித்தால் உள்ளே நறுக்கென்று அரிசி. பெரம்பூரிலிருந்து பத்திரமாகக் கட்டிக்கொண்டு போன பொன்னி. வெளியே கொட்டியதை மறுநாள் காலை மலைக்காகங்கள் இரண்டு வந்து பார்த்தன. அவையும் தொடவில்லை.

அது 2018 ஜூலை. மூவரில் மூத்தவருக்கு வீடு பெரம்பூர், வேலை மணலியில் ஒரு பட்டறை. தாத்தா லோகோ ஒர்க்ஸில் இருந்தவர். நீராவி இன்ஜின் காலத்துக் கதைகளைச் சொல்லியே பேரனை வளர்த்தவர். கரி அள்ளும் ஷவலைக் கழுவி நெருப்பில் காட்டி அதிலேயே முட்டை பொரித்துத் தின்ற கதை அதில் ஒன்று. ஓடும் வண்டியில் சமைக்கும் ஆசை அப்படித்தான் இவருக்குத் தொற்றியிருக்க வேண்டும். வண்டிக்கும் குறைவில்லை. என்ஃபீல்டு 1955-ல் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டதிலிருந்து வடசென்னையில் புல்லட் ஓட்டுவது ஒரு வகையில் ஊர்ப் பெருமை. அதே புல்லட்டில் லடாக் போகிறேன் என்றபோது பட்டறையில், “மணலியிலிருந்து மணாலியா? ஒரு கால்தானே வித்தியாசம்!” என்று சிரித்தார்கள்.

அந்த ஒரு கால் படுத்திய பாடு சர்ச்சூவில் தெரிந்தது.

பெரம்பூர் கிட்டத்தட்டக் கடல்மட்டம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். உயரம் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். மணாலி–லே சாலையில் இருக்கும் சர்ச்சூ 4,200 மீட்டருக்கும் மேலே. அங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். எவ்வளவு நெருப்பு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடேறாது. தண்ணீர்தான் வற்றும், அரிசி வேகாது. துவரம்பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குக்கரில் வெயிட் போட்டால் கதையே வேறு. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்த அந்த உயரத்திலும் உள்ளே 110 டிகிரியைத் தாண்டும். ஆனால் எடை கூடும் என்று குக்கரை வீட்டில் வைத்துவிட்டு அலுமினியப் பாத்திரத்தோடு கிளம்பியவர்கள் இவர்கள். கேமராவுக்கு மட்டும் மூன்று லென்ஸ்.

அடுப்பும் காலை வாரியது. கேம்பிங் அடுப்புக்கு வரும் சின்ன டின்னில் பெரும்பாலும் பியூட்டேன்தான் இருக்கும். அது ஆவியாவதே பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான். குளிர் அதற்குக் கீழே போனால் டின்னைக் குலுக்கினால் உள்ளே திரவம் சளசளக்கும், பர்னரில் சுடர் மட்டும் கண் சிமிட்டும். டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் சரியாகிவிடும் என்பது ஊர் திரும்பிய பிறகு தெரிந்தது.

உண்மையான பாடம் கிடைத்தது எண்ணூர் விரைவுச் சாலையில். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அங்கே கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நின்ற காலம். எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. ஓர் இரவு வேலை முடிந்து வந்தவர், டிரெய்லரின் பின்சக்கரங்களுக்கு நடுவே நீலச் சுடர் தெரிந்து வண்டியை ஓரங்கட்டினார். நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவர் சின்ன சிலிண்டர் அடுப்பில் குக்கர் வைத்திருந்தார். கடற்காற்று ஆளைத் தள்ளியது, சுடர் அசையவில்லை. காற்று வரும் பக்கம் டயர், மறுபக்கம் தண்ணீர் கேன், நடுவே அடுப்பு.

இரண்டு விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் குக்கரை ஒரு பழைய கம்பளியில் சுற்றிக் கேபினில் சீட்டுக்குக் கீழே வைத்தார்.

“அண்ணே, அதுக்குள்ள வெந்துடுமா?”

“ரெண்டு விசில்தானுங்க தம்பி. மிச்சத்தக் கம்பளி பாத்துக்கும். லைன் எப்ப நகருமோ, அடுப்ப நம்பி உக்கார முடியுங்களா?”

அரிசியை டீ குடிக்கும்போதே ஊற வைத்துவிட்டாராம். தக்காளியும் சின்ன வெங்காயமும் மத்தியானமே வதக்கி எண்ணெய் மிதக்க டப்பாவில் இருந்தது. சக்கரத்தடியில் அவர் செய்த வேலை மொத்தம் பதினைந்து நிமிடம். வடக்கே குஜராத், ஹரியானா என்று ஓட்டும்போது வாரக்கணக்கில் இதுதான் சாப்பாடு என்றார். வரிசை நகர்ந்தது. தட்டில் போட்ட சோற்றை ஒரு வாய்கூடத் தின்னாமல் மூடி வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு பெரம்பூர் வீட்டுச் சமையலறையில் நடந்ததுதான் பயணத்தின் முக்கால் பங்கு. வெளியூர் போய்ச் சமைப்பதில் ருசி பாதிக்கு மேல் ஊரில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து வறுத்த ரவை, அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நல்லெண்ணெய். துவரம்பருப்புக்குப் பதில் சீக்கிரம் வேகும் பாசிப்பருப்பு. முட்டைகளை ரவை டப்பாவுக்குள் புதைத்து வைத்தால் பள்ளம் மேட்டில் உடையாது. மூன்று லிட்டர் குக்கர், கூடவே உபரியாக ஒரு கேஸ்கட்டும் ஒரு சேஃப்டி வால்வும். காசிமேட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெறும் சட்டியில் வறுத்து, பூண்டு போட்டுத் தொக்காகக் கிண்டினார். இரண்டு நாள் வீட்டில் யாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை.

ஒத்திகை பழவேற்காட்டில். ஏரிக்கரையில் நண்டு வாங்கிக் குழம்பு வைத்தார்கள். குழம்பு அருமை, ஆனால் வாய் நிறைய மணல். அடுப்புக்குத் தடுப்பு வைத்தவர்கள் பாத்திரத்துக்கு வைக்க மறந்திருந்தார்கள். மூடியை ஒருமுறை திறந்தால் போதும், கடற்கரைக் காற்று மசாலா போட்டுவிடும்.

அடுத்து ஜவ்வாது மலை. அங்கே சுள்ளி பொறுக்கித் தீ மூட்டலாம் என்று ஒருவர் சொன்னபோது இவர் ஒரே வார்த்தையில் மறுத்தார். காப்புக்காட்டுக்குள் தீ வைப்பது சட்டப்படி குற்றம். அது ஒருபுறம் இருக்க, 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை அவரால் மறக்க முடியவில்லை. கோடையில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாக எரியும் என்பதைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது. ஊருக்குள் மண்தரையில், சொன்ன இடத்தில், காஸ் அடுப்பில் உப்புமா கிண்டித் தின்றார்கள்.

2022 ஜூலையில் மறுபடி சர்ச்சூ. பைக்குகள் ரயில் பார்சலில் வடக்கே போயின. ரயிலில் காஸ் கொண்டுபோகத் தடை என்பதால் டின்கள் மணாலியில் வாங்கியவை. முன்பு ரோதாங் கணவாய் ஏறிய பாதைக்குப் பதில் இப்போது அடல் சுரங்கம், ஒன்பது கிலோமீட்டர். 2020-ல் திறந்தது. சர்ச்சூ போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. வந்ததும் முதல் வேலையாக அரிசியையும் பாசிப்பருப்பையும் ஊற வைத்தார். காஸ் டின் வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றது. இரண்டு புல்லட்டுகளுக்கு இடையே அடுப்பு. இஞ்சி, மிளகு, சீரகம். உயரத்துக்காக விசிலை நான்காக்கினார், பிறகு குக்கரை ரைடிங் ஜாக்கெட்டில் சுற்றித் தூங்கும் பைக்குள் நுழைத்தார். உறைந்து கல்லாகிப் போன நெய்யைக் கத்தியால் செதுக்கிப் போட்டதும் பொங்கல் மினுமினுத்தது.

அடுத்த கூடாரத்துப் பஞ்சாபிகள் கிண்ணம் நீட்டினார்கள். இரண்டாவது முறையும் வந்தார்கள். மூன்றாவது முறை வந்தபோது, தொட்டுக்கொள்ள என்று இவர் தொக்கு டப்பாவைத் திறந்தார். நால்வரும் அரைக்கணம் அப்படியே நின்றார்கள். அவர்களில் பெரியவர் மட்டும் விரலால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்து, தலையாட்டி, ரொட்டி கொண்டுவரச் சொன்னார். மற்ற மூவரும் கேட்டுக்கொண்டபடி, அன்றிரவு டப்பா மட்டும் வெளியே குளிரில் படுத்தது.