மினுக்கி

ஹிஸ்டீரியா என்ற சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1980-இல் அமெரிக்க மனநலக் கையேடு அதைக் கைவிட்டது. எந்நேரமும் பிறர் கவனத்தைத் தேடுகிறவர்களுக்கு 'ஹிஸ்ட்ரியானிக்' ஆளுமைக் கோளாறு என்ற பெயரை வைத்துக்கொண்டது. நடிகரைக் குறிக்கும் லத்தீன் சொல். கருப்பை போய் மேடை வந்தது. முத்திரை என்னவோ இன்னும் பெண்கள்மேல்தான் அதிகம் விழுகிறது.

எங்கள் தெருவுக்கு லத்தீன் வேண்டியிருக்கவில்லை. 'மினுக்கி' போதும். அதை ஆணுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் மைக்கை விடாத மாமா 'கலகலப்பானவர்'. தானே தைத்த ரவிக்கையோடு கோலத்தருகே நின்று, போகிறவர்களை நிறுத்திக் காட்டும் என் சித்திதான் மினுக்கி. பாராட்டாவிட்டால் வாடிவிடுவாள், எனக்கே சிலநாள் சலிக்கும். ஆனால் முப்பது வருஷமாகச் சித்தப்பா அந்தக் கோலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார். ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.