தண்ணீர் போகும் வழியில் கொடைக்கானல்

புதன், மலைச்சாலை

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே பிரிந்து நீளும் கிளைதான் பழனி மலை. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 40 கிலோமீட்டர். அதன் தெற்குச் சரிவில் பெய்யும் மழை வைகைக்குப் போகிறது. வடக்குச் சரிவில் பெய்வது சண்முகநதி, அமராவதி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. கொடைக்கானலில் பார்க்க வேண்டியவை என்று சொல்லப்படும் இடங்கள் பலவும் இந்தத் தண்ணீரின் வழியில்தான் அமைந்திருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, அருவிகளில் நீர் வற்றாமல், வானமும் தெளிந்திருக்கும் ஜனவரி இவற்றைப் பார்க்க ஏற்ற மாதம். மே மாதச் சீசன் நெரிசலில் மலையைவிட வண்டிகளே அதிகம் கண்ணில் படும்.

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலையில் டம்டம் பாறை முதல் நிறுத்தம். பள்ளத்தாக்குக்கு அப்பால் மஞ்சளாறு ஒரே வீச்சில் 297 மீட்டர் கீழே விழுகிறது. தலையாறு அருவி என்பது அதன் பெயர். மெலிந்து நீண்ட தோற்றத்தால் எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டின் மிக உயரமான அருவி இதுவே. மேலே போகப்போக பெருமாள் மலையின் முடி தெரியும். ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் சாலையோரத்திலேயே வெள்ளி அருவி. இங்கே கொட்டுவது கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர். ஊருக்குள்ளிருந்து வரும் நீர் என்பதால் இதில் குளிக்காமல் பார்த்துவிட்டுப் போவதே நல்லது. கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகள் விடமாட்டா.

வியாழன், ஏரி

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானது அல்ல. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் சதுப்பான பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பித் தேக்கியது. பள்ளத்தாக்கின் கிளைகளுக்குள்ளெல்லாம் நீர் ஏறி நின்றதால் நட்சத்திர வடிவம் வந்தது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. அன்று மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. சமவெளி வரை மாட்டு வண்டி, அதற்கு மேல் குதிரை அல்லது நான்கு பேர் தூக்கும் டோலி. மோட்டார் வண்டி ஏறும் சாலை வந்தது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டில்தான்.

ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சாலை. வாடகைச் சைக்கிள், குதிரைச் சவாரி, பெடல் படகு, துடுப்புப் படகு எல்லாம் உண்டு. ஆனாலும் ஏரியைப் பார்க்கச் சரியான நேரம் படகுத்துறை திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம். கரையோரப் புல்லில் உப்பைத் தூவியதுபோல் உறைபனி படிந்திருக்கும். நீரின் மேல் ஆவி எழுந்து நகரும். வெயில் மரங்களுக்கு மேல் ஏறியதும் புல் நனைந்து பச்சையாகிவிடும். அதற்குள் சோளக்கருது சுடும் அடுப்புகளும் மிளகாய் பஜ்ஜிக் கடைகளும் புகையத் தொடங்கிவிடும். ஏரியின் கிழக்கே 1908இல் வன அதிகாரி பிரையண்ட் அமைத்த பூங்கா இருக்கிறது. மலர்க் கண்காட்சி மே மாதம் நடக்கும். ஜனவரியில் பாத்திகள் பெரும்பாலும் அடுத்த நடவுக்குக் காத்திருப்பவை.

வெள்ளி, விளிம்புகள்

1872இல் போடப்பட்ட கோக்கர்ஸ் வாக் செங்குத்துச் சரிவின் விளிம்பில் ஒரு கிலோமீட்டர் போகிறது. கீழே மேகம், பின்னால் தாழ்ந்த சூரியன் என்று அமைந்தால், நடப்பவரின் நிழல் பெரிதாகி, வண்ண வளையம் சூழ மேகத்தின் மேல் விழுவதைக் காணலாம். தூண் பாறைகளை, ஏறத்தாழ 400 அடி உயர மூன்று கருங்கல் தூண்களை, பத்து மணிக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பிறகு மூடுபனி ஏறிவிடும். பக்கத்துப் பாறைப் பிளவு 1991இல் வந்த படத்துக்குப் பின் குணா குகை ஆயிற்று. 2024இல் வந்த மலையாளப் படம் அங்கே கூட்டத்தைப் பல மடங்காக்கியது. கம்பிவேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். அந்த வேலி அவசியமானது.

கூட்டம் திரும்பிப் பார்க்காமல் போகும் இடம் சூரிய ஆய்வகம். 1899இல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டறிந்தது இங்கேதான். உலகெங்கும் பாடநூல்களில் அது எவர்ஷெட் விளைவு. கொடைக்கானலுக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏரிக்கு முன்னால் காட்ட வேண்டிய இடம் இது.

சனி, வட்டக்கானல் முதல் வெள்ளகவி வரை

வட்டக்கானலில் வண்டிச் சாலை முடிந்து, மரவேர்கள் படிக்கட்டாகப் பின்னிய ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. டால்பின் மூக்குப் பாறை வரை எல்லாரும் வருகிறார்கள். அதற்குக் கீழே வெள்ளகவி. நெடுங்காலம் சாலை எட்டாத ஊர். அரிசி, உப்பு, சிமெண்டு மூட்டை எல்லாம் குதிரை முதுகில் இறங்கின. காப்பிக்கொட்டையும் பழங்களும் அதே குதிரைகளில் ஏறின. ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். நெருங்கிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே கோயில்கள் இருப்பதால் ஊர் முழுவதையும் கோயிலாகவே மதிக்கிறார்கள். விருந்தாளி அந்த வழக்கத்தை மதித்து வெறுங்காலுடன் நடப்பதே மரியாதை.

பாதை மேலும் இறங்கிப் பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில் முடிகிறது. கொடைக்கானல் மலையில் பிறந்த பாம்பாறு அங்கே வழுக்குப் பாறைகளில் அருவியாக விழுகிறது. இறங்குவோருக்கு முழங்கால் வலிக்கும். ஏறுவோருக்கு மூச்சு வாங்கும். ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக வருவதும் வனத்துறை அனுமதி பெறுவதும் கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மனிதக் காலைவிட வேகமாகச் சரிவில் ஏறும்.

ஞாயிறு, பூம்பாறையும் மன்னவனூரும்

ஊருக்கு மேற்கே பூம்பாறை. சாலை வளைவிலிருந்து பார்த்தால் நடுவில் வீடுகள், சுற்றிலும் படிப்படியாக வெட்டிய வயல்கள். பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ். இங்குள்ள மலைப்பூண்டு அளவில் சிறியது, மணத்தில் காரமானது, நாள்பட வைத்தாலும் கெடாது. அறுவடைக்குப் பின் தாளோடு கட்டி, அடுப்புப் புகை படும் உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குழந்தை வேலப்பர் கோயில் இந்த ஊரின் நடுநாயகம். சிலையைச் செய்தவர் போகர் என்பது மக்கள் நம்பிக்கை.

இன்னும் மேற்கே போனால் மன்னவனூர்ப் புல்வெளி, ஏரி, மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம். அதைத் தாண்டிக் கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. அரசுப் பேருந்திலேயே போய்வரலாம். மலைக்காரர்களின் பேச்சும் சந்தைக் கணக்கும் அதில்தான் காதில் விழும். சுற்றுலா வேனில் விழாது.

திங்கள், பேரிஜம்

பேரிஜம் ஏரிக்கு வனத்துறை நாளொன்றுக்குக் குறிப்பிட்ட வண்டிகளையே விடுகிறது. படகு கிடையாது, கடை கிடையாது. இந்தத் தண்ணீர் பெரியகுளத்துக்குக் குடிநீர். கரையை ஒட்டிய சோலைக்காடு ஏன் மலைமடிப்புகளுக்குள் மட்டும் ஒண்டியிருக்கிறது என்பதற்கு ஜனவரி உறைபனியே ஒரு முக்கியக் காரணம். திறந்த புல்வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகளைப் பனி கருக்கிவிடும். சோலையின் தரையில் பாசியும் மக்கிய இலையும் சேர்ந்து மழையை உறிஞ்சி மெல்லக் கசியவிடுகின்றன. மழை நின்று பல வாரங்கள் ஆன பின்னும் ஓடைகள் ஓடுவது அதனால்தான். விறகுக்கும் தோல் பதனிடவும் கொண்டுவந்த சீகை மரமும், தைலமரமும், பைனும் புல்வெளிகளைப் பெருமளவு மூடிவிட்டன. பாம்பாறு சோலைக்கு மேலேயே பாதரச வெப்பமானி ஆலை ஒன்று 2001 வரை இயங்கியதும், அதன் கழிவு மண்ணிலும் நீரிலும் கலந்ததும் இந்த மலை மறக்கக்கூடாத கதை.

செவ்வாய், வடக்குச் சரிவு

ஊரின் வட விளிம்பில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936இல் லீலாவதி இராமநாதன் கட்டியது. இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த பெண்மணி அவர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சரிவுகளில் குறிஞ்சி பூக்கும். 2018இல் பூத்தது, அடுத்து 2030. கோயில் வாசலிலிருந்து வடக்கே பழனியும், பாலாறு பொருந்தலாறு அணை நீரும் தெரியும்.

பழனிக்கு இறங்கும் சாலை 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வத்தலக்குண்டு வழியைவிட வளைவு அதிகம், வண்டி குறைவு. மேலே பூண்டும் கேரட்டும் விளையும் குளிர், பாதி வழியில் காப்பிக்கும் மலைவாழைக்கும் இடம் கொடுக்கிறது. 2024 மே முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் தேவை. எந்தச் சாலையில் ஏறினாலும் சோதனைச்சாவடியில் கேட்பார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் அங்கேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.