பக்கத்து வீட்டில் கடன்

நான் பி.காம். ஐந்தொகை, இருப்பாய்வு என்றெல்லாம் வாய் கிழியப் பேசுவேன். அப்படிப்பட்டவன் 2020 ஊரடங்கில் 'கடன் வாங்கிக் கழித்த'லில் திவாலானேன்!

மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடமே டி.வி.க்குள் குடிபோன வருஷம். அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் ஆலங்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வகுப்பறை. டீச்சர் நிதானமாகத்தான் நடத்தினார். 52-ல் 17 போக எவ்வளவு? ரெண்டில் ஏழு போகாது. பக்கத்து வீட்டு அஞ்சிடம் ஒன்று கடன் வாங்கணும்.

"ஒண்ணு வாங்கினா எப்படிப்பா பத்தாகும்? வட்டியா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது" என்றேன். (எனக்கும் சின்ன வயசில் அப்படித்தான் சொன்னார்கள்.)

நோட்டில் திரும்பத் திரும்ப 45. நாலாம் நாள் கணக்குப் பாடம் வந்ததுமே அவளுக்கு வயிற்றுவலி. அப்பத்தா ஓமத்தண்ணியோடு ஓடிவந்தார். நான் சேனலை மாற்றினேன், வலி போய்விட்டது.

அங்கே 'கரகாட்டக்காரன்'. 1989-ல் வந்த படம். கவுண்டமணி ஒரு ரூபாய்க்கு ரெண்டு வாழைப்பழம் வாங்கிவரச் சொல்ல, செந்தில் ஒன்றை விழுங்கிவிட்டு, மிச்சமிருக்கிற பழத்தையே 'அந்த இன்னொன்று' என்று சாதிப்பாரே... வயிற்றுவலிக்காரி உருண்டு உருண்டு சிரித்தாள்.

"அந்த மாமாவுக்கு என்னையவிட மோசமா கணக்கு வருதுப்பா!"

எனக்குச் சுருக்கென்றது. டி.வி. டீச்சர் ஒரு தரம்கூடத் தப்புப் போட்டதில்லை. உலகத்திலேயே தான் ஒருத்திதான் தப்புப் போடுகிறோம் என்று பிள்ளை நினைத்திருக்கிறாள்.

அமெரிக்காக்காரர்கள் இதைத் திட்டம் போட்டே செய்தார்கள். 1987 முதல் 1992 வரை 'ஸ்கொயர் ஒன் டி.வி.' என்று ஒரு நிகழ்ச்சி. அதில் 'மேத்நெட்' என்ற பகுதியில் போலீஸ்காரர்கள் கணக்குப் போட்டே துப்புத் துலக்குவார்கள், பழைய துப்பறியும் தொடர் ஒன்றைக் கிண்டலடித்தபடி. நமக்கு எதற்கு அவ்வளவு செலவு? வீட்டிலேயே ஆள் இருக்கிறோம்.

சாயங்காலம் அவள் கவுண்டமணி, நான் செந்தில். கீரமங்கலத்து வாழைத்தாரிலிருந்து அஞ்சு சீப்பு, உதிரி ரெண்டு. (சீப்புக்குப் பத்துதான் என்று, அதிகப்படியைப் பிய்த்து ஆளுக்குக் கொஞ்சம் தின்றாயிற்று.) பதினேழு எடுக்கணும். ஒரு சீப்பைப் பிரித்து உதிரியோடு சேர்த்தேன். பன்னிரண்டில் ஏழு போனால் அஞ்சு. அஞ்சு சீப்பில் ஒன்று போனால் நாலு. "நாப்பத்தஞ்சு!" என்றேன் கம்பீரமாக.

எண்ணிப் பார்த்தாள். முகம் மாறியது.

"பிரிச்ச சீப்பு எங்கடா?"

தலையணையோடு வாசல்வரை துரத்தினாள்.

"அப்பாவை 'டா'ங்கிறியா?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி அதட்ட, "அது செந்தில்மா!"

மறுநாள் கணக்குப் பாடத்துக்கு வயிறு வலிக்கவில்லை. 64-ல் 28 என்று டீச்சர் எழுதியதும், "முப்பத்தாறு" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள், கையில் தலையணை.

"அப்பா, நீ நாப்பத்தாறுன்னு சொல்லு."