கிலோவில் அடங்காத கேக்

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து நாமக்கல் வரை எந்தக் கல்யாண மண்டபத்துக்கு வரவேற்புக்குப் போனாலும் மேடை ஓரத்தில் ஒரு மேசை நிற்கிறது. அதன்மேல் இரண்டடுக்கோ மூன்றடுக்கோ கேக். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எல்லா விசேஷத்துக்கும் இது வந்துவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து கத்தி பிடிக்கிற அந்த அரை நிமிடத்துக்காக யாரோ ஒருவர் இரண்டு நாளாக நின்றுகொண்டே வேலை செய்திருப்பார். அந்த வேலையைப் பார்க்கத்தான் அஸ்தம்பட்டிப் பக்கம் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஓர் அக்காவிடம் போனேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. கட்டிலை எடுத்துவிட்டு நீளமான ஸ்டீல் மேசை போட்டிருக்கிறார். ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் அது இல்லாமல் கிரீமைத் தொட முடியாது. அன்றைய ஆர்டர் மூன்றடுக்கு. கீழே 10 அங்குலம், நடுவில் 8, மேலே 6. ஒவ்வொன்றும் நாலங்குல உயரம். மூன்றுக்கும் தனித்தனியாகக் கிரீம் பூசி, தனித்தனி அட்டையில் வைத்து, முந்தின இரவே ஃபிரிட்ஜில் ஏற்றியாகிவிட்டது. "சில்லுன்னு இருந்தாத்தான் சார் கை வெக்க விடும்" என்றார்.

பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு கேக் இன்னொரு கேக்கின் மேல் உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். அப்படி உட்கார வைத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஸ்பாஞ்சில் பாதி காற்று. அதற்குள் சர்க்கரைப் பாகு வேறு ஊற்றி நனைத்திருக்கிறார்கள். மேலே இரண்டு கிலோவை ஏற்றினால் கீழ் அடுக்கின் வயிறு பிதுங்கி, பக்கத்துக் கிரீம் வெடித்துவிடும். அதனால் மேல் அடுக்கின் எடை கீழ்க் கேக்கைத் தொடாமலே தரைக்குப் போக வேண்டும். கான்கிரீட் வீட்டில் தளத்தின் பாரம் சுவரில் இறங்காமல் தூணில் இறங்குகிற மாதிரிதான். மேல் அடுக்கு அட்டையில் நிற்கிறது, அட்டை குச்சிகளில் நிற்கிறது, குச்சிகள் அடிப்பலகையில் நிற்கின்றன. நடுவில் இருக்கும் கேக் அந்தக் குச்சிகள் சாயாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் குச்சிக்குத் தொழிலில் டவல் (dowel) என்று பெயர். மரத்திலும் வரும், உள்ளே கூடான பிளாஸ்டிக்கிலும் வரும். அவர் முதலில் 8 அங்குல வெற்று அட்டையைப் பெரிய கேக்கின் மேல் மெல்ல வைத்து, பல்குச்சியால் சுற்றிலும் கோடு இழுத்தார். குச்சிகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குள்தான் இறங்க வேண்டும். வெளியே போனால் ஒன்று கண்ணுக்குத் தெரியும், இல்லையென்றால் அட்டைக்கு முட்டு இருக்காது. ஒரு குச்சியை நேராக இறக்கினார். அடிப்பலகையில் டக்கென்று முட்டியதும் நிறுத்தி, கிரீம் மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து உருவினார். செடி வெட்டும் கத்தரியால் நறுக்கி, வெட்டிய முனையை உப்புத்தாளில் தேய்த்துத் துடைத்தார். மற்றவற்றை இதற்குப் பக்கத்தில் வைத்து, அதே நீளத்துக்கு வெட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு குச்சியையும் அது இறங்குகிற இடத்தில் தனித்தனியாக அளந்தால் என்ன என்று கேட்டேன். "மேல் கேக்கு சாஞ்சுக்கும் சார். கேக்கு ஒரு பக்கம் ஏறி இறங்கி இருக்கும், அதைக் கிரீம் வெச்சு மறைச்சுக்கலாம். குச்சி மட்டமா இருந்தே ஆகணும்." அதனால்தான் முதல் குச்சியைக் கேக் உயரமாக இருக்கிற இடத்தில் இறக்கி அளக்கிறார். குட்டையாகப் போனால் அட்டை கிரீமை அழுத்தி ஓரத்தில் பிதுக்கும். நீளமாகப் போனால் இரண்டு அடுக்குக்கும் நடுவில் சந்து தெரியும். அதன்மேல் பூ வைத்தோ கிரீம் பிழிந்தோ மூடிவிடலாம். இரண்டில் நீளமே மேல் என்பது அவர் கணக்கு. 8 அங்குல அடுக்கைத் தாங்க ஐந்தாறு குச்சி, 6 அங்குலத்துக்கு நாலு. கடைசியில் கொத்தனார் வைத்திருப்பது போன்ற சின்ன ரசமட்டத்தை எடுத்து அட்டைமேல் வைத்துப் பார்த்தார். ஹார்டுவேர் கடையில் வாங்கியதாம்.

முட்டுக் குச்சிகள் எடையைத் தாங்கும். கேக் பக்கவாட்டில் நழுவுவதைத் தடுக்காது. அதற்கு நடுவில் ஒரே நீளக் கம்பு தேவை. மேல் அட்டைகளில் முன்கூட்டியே ஓட்டை போட்டு வைத்து, மூன்று அடுக்கையும் கோத்து அடிப்பலகைவரை இறக்குகிறார்கள். உள்ளூர் ஆர்டராக இருந்தால் சிலர் இதை விட்டுவிடுகிறார்கள். வண்டியில் போகிற கேக்குக்கு விடக் கூடாது.

இந்தப் பாடுகளில் பெரும்பகுதி நம் ருசியால் வந்தது. அடுக்கு கேக் பிறந்த இங்கிலாந்தில் அது பழக் கேக். செங்கல் மாதிரி கெட்டி. மேலே பூசியது முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்த ராயல் ஐசிங். காய்ந்தால் தூண் நிறுத்தலாம். அங்கேயும் எடுத்த எடுப்பில் வந்துவிடவில்லை. 1858-ல் விக்டோரியா ராணியின் மூத்த மகள் கல்யாணத்தில் அடித்தட்டு மட்டும்தான் கேக், மேலே இருந்ததெல்லாம் சர்க்கரைச் சிற்பம். 1882-ல் இளவரசர் லியோபோல்டின் கல்யாணத்தில்தான் எல்லா அடுக்கும் சாப்பிடுகிற கேக்காக வந்தது என்பார்கள். 1947-ல் எலிசபெத்தின் கல்யாணக் கேக் நாலடுக்கு, ஒன்பதடி உயரம். நமக்கோ வாயில் வைத்ததும் கரைகிற ஸ்பாஞ்சும் விப்பிங் கிரீமும் வேண்டும், அதுவும் மூன்றடுக்காக வேண்டும். குச்சி இல்லாமல் எப்படி முடியும்?

நாமக்கல் பரமத்தி ரோட்டில் ஒரு பேக்கரி மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். ஊரைச் சுற்றிலும் கோழிப்பண்ணை. முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற நாமக்கல் விலையைப் பார்த்துத்தான் வெளியூர் வியாபாரியே முட்டை பிடிக்கிறார். "அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு எக்லெஸ் கேக்கு போடச் சொல்றாங்க சார்" என்றார். முட்டையின் புரதம் சூட்டில் இறுகித்தான் ஸ்பாஞ்சுக்கு எலும்பாகிறது. முட்டை இல்லாத கேக் மிருதுவாக இருக்கும், ஆனால் உதிரும்; குச்சியை இறுகப் பிடிக்காது. வீட்டுப் பெரியவர்களுக்காக எக்லெஸ் கேட்டால், அதை மேல் அடுக்கில் வைத்துக்கொண்டு கீழே முட்டைக் கேக்கே போடச் சொல்லிப் பேசிப் பார்ப்பாராம். இந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

தெர்மாகோல் பற்றியும் அவரே பேச்செடுத்தார். மேடைக்கு உயரம் வேண்டும், செலவு கூடாது என்கிறவர்களுக்கு ஐந்தடுக்கில் நாலு தெர்மாகோல்தான். ஏமாற்று வேலை என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ராஜ குடும்பமே அப்படித்தான் ஆரம்பித்தது. வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டும், தெர்மாகோலின் மேல் நேராகக் கிரீம் பூசாமல் தாள் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கீழே எடையே இல்லாத தெர்மாகோல், உச்சியில் இரண்டு கிலோ நிஜக் கேக். யாராவது மேசையில் இடித்தால் மொத்தமும் தலைகீழ். அடித் தெர்மாகோலைப் பலகையோடு ஒட்டி, நடுக்கம்பையும் ஏற்றியாக வேண்டும்.

மறுபடி சேலத்து அக்காவுக்கு வருகிறேன். அவருடைய கேக் போக வேண்டியது நாமக்கல் மண்டபத்துக்கு. கீழ் இரண்டு அடுக்கையும் வீட்டிலேயே கோத்து, உச்சி அடுக்கைத் தனிப் பெட்டியில் எடுத்துக்கொண்டார். ஆம்னி வண்டியில் பின் சீட்டைக் கழற்றி, தரையில் ரப்பர் விரிப்பைப் போட்டுப் பெட்டியை இறக்கினோம். சீட்டில் வைத்தால் சாய்வு. மடியில் வைத்தால் உடம்புச் சூடு. சீலநாயக்கன்பட்டி தாண்டி நாலுவழிச் சாலை ஏறியதும் பயணம் சுகம்தான். மல்லூர், ஆண்டகளூர்கேட், புதுச்சத்திரம் என்று கேக்கும் ஆடாமல் வந்தது. ஊருக்குள் நுழைந்த பிறகுதான் சோதனை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவர் முதல் கியருக்கு வந்தார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை விடவே இல்லை.

மண்டபத்தில் மேசை ஒரு கால் ஆடியது. அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தார். மேலே ஃபோகஸ் லைட் நேராகக் கேக்கின்மேல் அடித்தது. வீடியோக்காரரிடம் பேசி அதைத் திருப்ப வைத்தார். பிறகுதான் உச்சி அடுக்கு ஏறியது. இரண்டு அடுக்கு சேருகிற ஓரத்தில் கிரீம் பிழிந்து, நடு அடுக்கின் முன்பக்கம் ஒரு சிவப்பு ரோஜா வைத்தார். அழகுக்கு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மணமக்கள் கத்தி வைக்க வேண்டிய இடம் அது. அந்தப் பக்கம் ஓரத்தில் குச்சியே இறக்கவில்லை. கத்தி குச்சியில் முட்டி நிற்பது கேமராவுக்கு முன்னால் நடக்கக் கூடாத காரியம்.

பந்தி அண்ணன் ஒருவர் வந்து, "அம்மிணி, உள்ள எத்தனை குச்சி வெச்சிருக்க?" என்றார். விவரம் தெரிந்த ஆள். அக்கா ஒரு சீட்டில் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்தார்: கீழே ஆறு, நடுவில் நாலு, நடுக்கம்பு ஒன்று. உச்சி அடுக்கை முதலில் இறக்கி, அட்டையை எடுத்து, குச்சிகளை உருவி எண்ணிய பிறகே கீழ் அடுக்கை வெட்ட வேண்டும் என்றும் சொன்னார். வெட்டிய துண்டோடு குச்சி முனை ஒரு குழந்தையின் தட்டுக்குப் போய்விடக் கூடாதே.

திரும்பி வரும்போது கணக்குப் பேசினோம். இந்த ஊர்களில் கேக்குக்குக் கிலோ விலைதான். ஒரே அடுக்காக ஐந்து கிலோ வாங்கினாலும், மூன்றடுக்காக ஐந்து கிலோ வாங்கினாலும் ஒரே விலை என்று நினைக்கிறார்கள். பலகை, குச்சி, பெட்டி, வண்டி வாடகை, அடுக்குகிற நேரம், மண்டபத்தில் காத்திருக்கிற நேரம் எதுவும் தராசில் ஏறாது. தனியாகக் கேட்டால், "கேக்குக்குத்தான காசு, குச்சிக்குமா?" என்கிறார்களாம். பெரிய பேக்கரிகள் இதை மொத்த விலையில் சேர்த்துக்கொள்கின்றன. வீட்டிலிருந்து செய்யும் பெண்கள்தான் கேட்கக் கூச்சப்பட்டுக் கைக்காசு போடுகிறார்கள். இது நியாயமில்லை.

அடுக்கு கேக் சொல்லப் போகிறவர்கள் மண்டபம் எங்கே, மேசை எங்கே, எத்தனை மணிக்கு வெட்டு என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஆடாத மேசையாகப் பாருங்கள், ஜன்னல் வெயிலும் லைட் சூடும் படாத இடமாகக் கொடுங்கள். கிலோ விலை கேட்கும்போதே, அடுக்கிக் கொண்டுவந்து நிறுத்த எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். சொல்லும் தொகையில் பேரம் பேசாதீர்கள்.